எழுபத்தைந்தரை டிகிரி

நேத்ராவால் எனக்கு ஒரு வருடமாகச் சூடான டீ கிடைக்கவில்லை. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதற்கு முன்னால் இந்தப் புகாரைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

என் பெயர் ஈவ்லின். பத்தொன்பது வருடமாக மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை கிளம்பும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். சுரங்கம் மூடிய பிறகு கோலார் தங்கவயலில் வீட்டுக்கு ஒருத்தராவது அந்த ரயிலில் இருப்பார்கள். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் துணிப் பிரிவில் இருக்கிறேன். படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு, திரைச்சீலை எல்லாம் தைப்பதும் கிழிந்ததைச் சரிசெய்வதும் என் வேலை. லேடீஸ் பெட்டியில் என் ஜன்னலோர இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் பங்காரப்பேட்டை வரைக்கும் என் வாயைக் கேட்க வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எதிர் இடம் நேத்ராவுடையது. நந்திதுர்க்கில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், எங்கள் லைனுக்கு அடுத்த லைன். வயது முப்பத்து நாலு. ஒயிட்ஃபீல்டில் இறங்கி, எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்யும் ஒரு கம்பெனிக்குப் போவாள். ஒன்பது வருடமாகப் பேக்கிங் பிரிவு. மோட்டாரை அட்டைப்பெட்டியில் வைத்து, இடுக்கில் தெர்மாகோல் திணித்து, டேப் ஒட்டி அனுப்ப வேண்டும். அவள் ஒட்டிய டேப்பை நகத்தால் பிரிக்க முடியாது என்று அங்கே பெயர் வாங்கியிருந்தாள். அந்த டேப்தான் பிறகு அவளைக் கவிழ்த்தது.

அவள் நின்று வேலை செய்யும் இடத்துக்கு எதிரே ஒரு கண்ணாடி அறை. டெஸ்ட் ரூம். ஒவ்வொரு மோட்டாரையும் ஓடவிட்டு, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று பார்த்து, இது போகலாம், இது போகக் கூடாது என்று அங்கே முடிவு செய்வார்கள். எல்லாரும் டிப்ளமோ படித்தவர்கள். நேத்ரா பி.யு.சி.யில், அதாவது பிளஸ் டூவில், சயன்ஸ் எடுத்து, கணக்கில் இரண்டு தடவையும் பிசிக்ஸில் ஒரு தடவையும் ஃபெயில் ஆனவள். அவள் அப்பா தங்கவேலு இறந்த வருடம் அது. அதன் பிறகு அவள் புத்தகத்தைத் தொடவில்லை.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போவணும்க்கா” என்று அடிக்கடி சொல்வாள்.

“அந்தப் பக்கம் இன்னாடி கீது? ஏசி கீது, அவ்ளோதானே” என்பேன்.

“அவுங்க மோட்டார ஓட்டிப் பாக்கறாங்க. நான் பொட்டியில போட்டு மூடறேன். ஒன்பது வருசமா நான் அனுப்பின மோட்டாருல ஒண்ணுகூட ஓடி நான் பாத்ததில்ல.”

நான் தைத்த விரிப்பில் நானும்தான் படுத்ததில்லை. ஆனால் எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை, அவளுக்குத் தோன்றியது.

டெஸ்ட் ரூமுக்குப் போக ஒரே ஒரு குறுக்கு வழி இருந்தது. அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு ஜனவரியும் ரிமோட் கார் பந்தயம் நடக்கும். முழங்கை நீளக் கார். மோட்டாரும் பேட்டரியும் எல்லாருக்கும் ஒன்றேதான், மற்றதெல்லாம் அவரவர் கைவேலை. பத்து நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். டிப்ளமோ இல்லாத தொழிலாளி யாராவது பத்து நிமிடமும் ஓட்டி முடித்து, டெஸ்ட் ரூம் ஆட்கள் கேட்கும் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொன்னால், அங்கே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். முதலாவதாக வர வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் முப்பத்தைந்து வயது ஆகியிருக்கக் கூடாது. நேத்ராவுக்கு இந்த விஷயம் தெரிய வந்தபோது மிச்சம் இருந்தது இரண்டே ஜனவரி.

முதல் ஜனவரிக்கு அவள் கார் ஓட்டிப் பழகியது சயனைட் மேட்டின் அடியில். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்துக் கல்லை இடித்து, சயனைட் கலந்து தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டியது, மாவு மாதிரி மண், மலை மலையாக ஊரைச் சுற்றிக் கிடக்கிறது. காற்று மாதங்களில் அது கிளம்பினால் சோற்றில், தலையணையில், மூடிய டப்பாவுக்குள் எல்லாம் வந்துவிடும். அதனால் எங்கள் ஊரில் எதையும் மூடித்தான் வைப்போம். ஜன்னல் இடுக்கில் துணி, கதவடியில் சாக்கு, டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை. வாசலில் ஈரத்துணி தொங்கும்.

நேத்ராவின் அம்மா பார்வதம்மா இதில் எங்களையெல்லாம் தாண்டியவர். ஜன்னல் விளிம்பு முழுக்க டேப் ஒட்டிவிடுவார், வருடம் பூராவும். தங்கவேலு அண்ணன் சுரங்கத்தில் பாறையில் துளை போடும் வேலை பார்த்தவர். கல் தூசி நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது. கடைசி மூன்று வருடம் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினார், உட்கார்ந்தபடியே போனார். அதனால் பார்வதம்மாவின் டேப்பை நாங்கள் யாரும் கேலி செய்வதில்லை. அந்த வாசலில் என் வாய்கூட மூடிக்கொள்ளும்.

அந்த வீட்டில் வளர்ந்தவள், ஒன்பது வருடம் டேப் ஒட்டியவள், கார் செய்தால் எப்படிச் செய்வாள்? மோட்டாருக்குக் காற்று போக வைத்திருந்த ஓட்டைகளை ஒன்று விடாமல் ஒட்டிவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை, யோசிக்கவும் இல்லை. கை தானாகச் செய்தது. மேட்டில் ஓட்டிவிட்டுப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு துளி மண் இருக்காது. அதைப் பெருமையாக என்னிடம் வேறு காட்டினாள். பேட்டரி தேய்ந்துவிடும் என்று ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம்தான் ஓட்டினாள், அதனால் வரப்போவது தெரியவில்லை.

பந்தயம் கம்பெனி கேன்டீன் ஹாலில் நடந்தது. வழவழவென்று டைல்ஸ் தரை. ஆறு நிமிடம் வரைக்கும் நேத்ராவின் கார் இரண்டாவது. ஏழாவது நிமிடத்தில் நின்றுவிட்டது. மோட்டார் எண்பது டிகிரியைத் தொட்டால் தானாக அணைந்துவிடும்படி வைத்திருக்கிறார்கள், எரிந்துபோகாமல் இருக்க. டெஸ்ட் ரூமுக்குத் தலைவர் பிரதாப் என்பவர் காரைத் திறந்து பார்த்தார். டேப்பைப் பிரிக்கக் கத்தி கேட்டாராம்.

“ஏன் இவ்வளவு டேப்?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“தூசி சார்.”

“இங்கே எங்கேம்மா தூசி?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரதாப் சிரிக்கவில்லை. இன்னொரு கேள்வி கேட்டார்: “மூடினால் சூடு எவ்வளவு கூடும் என்று பார்த்தீர்களா?”

அன்று மாலை ரயிலில் அவள் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. “சிரிச்சவனுங்கள நம்ம ஊருக்குக் கூப்புடு. ஒரு வாரம் தங்கட்டும். இருமிக்கினே போவானுங்க” என்றேன்.

“சிரிச்சது போவட்டும்க்கா. எவ்ளோ கூடும்னு கேட்டாரு. எனக்குத் தெரியல.” ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “அது தெரிஞ்சாவணும்.”

பத்து நாள் கழித்து, என் ஃபிளாஸ்க்கிலிருந்து டம்ளரில் ஊற்றிய டீக்குள் ஒரு கம்பியை விட்டாள்.

“இன்னாடி இது, என் டீயில இன்னாத்த போடற?”

“சூடு பாக்கற சென்சார்க்கா. கழுவிட்டேன்.”

“குடிச்சா தெரியும்டி சூடு.”

“எத்தினி டிகிரின்னு நாக்குக்குத் தெரியுமா?”

கம்பியின் மறுமுனை தீப்பெட்டி அளவு போர்டு ஒன்றில் செருகியிருந்தது. அந்தப் போர்டுக்குள் போக வேண்டிய புரோகிராமை அவள் போனில் வீடியோ பார்த்து, நிறுத்தி நிறுத்தி, எழுதி எழுதி அழித்தாள். ஒரு புள்ளி குறைந்தால்கூட அது ஓடாதாம். என் மேலதிகாரி பரவாயில்லை என்று நினைத்தேன். ஒருவழியாக ஓடியதும் எண்பத்தைந்து டிகிரி என்று காட்டியது. ஆறின பிறகும் எண்பத்தைந்து. தண்ணீர் பாட்டிலில் விட்டாலும் எண்பத்தைந்து. என் கைக்குள் வைத்தாலும் எண்பத்தைந்து.

“அப்ப நான் செத்து வெந்துட்டேன்” என்றேன். பெட்டி முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாள் அதையே கட்டிக்கொண்டு அழுதாள், அப்புறம் பிடித்துவிட்டாள். சென்சாரைக் கேட்டதும் அது அளந்து முடிக்க முக்கால் செகண்ட் ஆகுமாம். அதற்குள் பதில் கேட்டால், கைக்கு வந்த எண்பத்தைந்தைக் கொடுத்து அனுப்பிவிடுமாம். “கொஞ்சம் இருன்னு ஒரு வரி எழுதணும்க்கா, அவ்ளோதான்.” எழுதினாள். டீ எழுபத்தைந்து என்று வந்தது.

அன்றிலிருந்து என் டீ அவள் சொத்து. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சூட்டைக் குறித்துக்கொள்வாள். மூடி போட்டு ஒரு நாள், மூடாமல் ஒரு நாள். ஜன்னல் திறந்து ஒரு நாள், சாத்தி ஒரு நாள். பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுகிறவர்கள், கீரை ஆய்கிறவர்கள் எல்லாம் “நேத்ரா, இன்னிக்கு எத்தினி?” என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. நான் மட்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறின டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மாலூர் தாண்டியதும் என் முழங்காலைத் தட்டினாள். “அக்கா, இத்தப் பாரு. ரயிலுக்குள்ள காத்து இருவத்தஞ்சு டிகிரி. டீ எழுவத்தஞ்சு. வித்தியாசம் அம்பது. பத்து நிமிசம் கழிச்சிப் பாத்தா டீ அம்பது, வித்தியாசம் இருவத்தஞ்சு. இன்னும் பத்து நிமிசம், வித்தியாசம் பன்னண்டரை. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பாதி, பாதி, பாதி.”

“அதனால?”

“சூடு ஒரே சீரா எறங்கலக்கா. மொதல்ல வேகமா எறங்குது, போவப் போவ மெதுவா. எங்க போயி நிக்கும்னு முன்னாடியே சொல்லிடலாம்.” நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கோட்டைக் காட்டினாள். “இப்பிடித் திருப்பினா என் மோட்டாரு. அது சூடேறதும் இப்பிடித்தான். மொதல்ல வேகமா, அப்புறம் மெதுவா, ஒரு எடத்துல போயி நின்னுடும். அந்த எடம் எண்பதுக்குக் கீழ இருந்தா கார் எத்தினி நேரம் வேணா ஓடும்.”

அடுத்த நாள் தன் பழைய பி.யு.சி. பிசிக்ஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பரணில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்தார்களாம், தூசி படாமல். குளிர்தல் விதி என்று ஒரு பக்கம். பென்சிலில் கோடு போட்டு, பக்கத்தில் ‘முக்கியம்’ என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துதான்.

“இத்ததான் நான் மனப்பாடம் பண்ணேன்” என்றாள். “டீ ஆறறதுதான் இதுன்னு யாருமே சொல்லல.” அவள் குரலில் சந்தோஷம் இருந்தது என்று சொன்னால் பொய். பதினேழு வருடமாகத் தன்னைத்தானே மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவளின் எரிச்சல் அது.

அதற்குப் பிறகு அவளை யாரும் நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாதா கோயிலிலிருந்து வந்ததும் கையில் ஸ்டாப் வாட்சைத் திணித்துவிடுவாள். சென்சாரை மோட்டாரில் ஒட்டி, காரைச் சுற்றவிட்டு, நிமிடத்துக்கு நிமிடம் குறிப்போம். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும் என்று ஒரு ஞாயிறு கண்டுபிடித்தாள். அதைப் புத்தகத்தில் தேடி, இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் சாப்பிட்டாள். அதனால் மோட்டார் பக்கத்துப் பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைத்தாள். வேகம் கொஞ்சம் போயிற்று, சூடு நிறையப் போயிற்று. எட்டு மாதத்தில் நாலு நோட்டு நிரம்பியது.

டிசம்பரில் கம்பெனி ஒரு நோட்டீஸ் ஒட்டியது. இந்த வருடம் கேன்டீன் ஹால் கிடையாது, பந்தயம் வெளி முற்றத்தில். அந்த முற்றத்துக்குப் பக்கத்தில்தான் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சிமென்ட், ஜல்லிப் பொடி, லாரி.

“தூசி வந்துச்சிக்கா” என்றாள், ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்த மாதிரி.

மற்றவர்கள் எல்லாம் எந்த டயர் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் வேறு கவலை. டேப் ஒட்டினால் எண்பதைத் தாண்டி நின்றுவிடும். திறந்துவிட்டால் பொடி உள்ளே போய்ச் சக்கரத்தை இறுக்கிவிடும். காற்று போக வேண்டும், தூசி போகக் கூடாது. இதைக் கேட்டதும் நான்தான் துணி என்றேன். என் தொழில் அது.

ஓட்டலில் வெட்டிப்போட்ட துண்டுகளைக் கொண்டு வந்தேன். திரைச்சீலைத் துணி போட்டால் சூடு தொண்ணூறுக்குப் போகும் என்று கணக்குச் சொன்னது. படுக்கை விரிப்பு எண்பத்து நாலு. மெல்லிய மல் துணி எழுபத்தெட்டில் நின்றது. எண்பதுக்கு இரண்டுதான் குறைவு. வெயில் நாளாக இருந்தால் அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்வதம்மா வாசலில் தொங்கிய துணியை வாளியில் நனைத்துப் பிழிந்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். நானும் நேத்ராவும் அதைப் பார்த்தோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பார்த்தோம் என்று அவள் சொல்வாள், நான்தான் முதலில் பார்த்தேன்.

மல் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, காற்று நுழையும் ஓட்டைகளுக்கு ஒரு விரல் தள்ளிச் சுற்றிக் கட்டினோம். சூடு அறுபத்தெட்டில் போய் நின்றது. ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது என்றாள். பன்னிரண்டாவது நிமிடம் துணி காய்ந்து எண் மேலே நகரத் தொடங்கியது, அதோடு அவள் பழைய பேட்டரியும் தீர்ந்தது. பத்து நிமிடப் பந்தயத்துக்குப் பன்னிரண்டு போதும். நான் அந்தத் துணியை எலாஸ்டிக் வைத்து அழகான உறையாகத் தைத்துக் கொடுத்தேன்.

பந்தய நாளில் வீட்டு ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிப் போகலாம். பார்வதம்மாவையும் என்னையும் கூட்டிப் போனாள். எட்டு கார்கள், எல்லாவற்றுக்கும் கம்பெனி கொடுத்த புது பேட்டரி. பார்வதம்மா முற்றத்தைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார், கடைசி வரை எடுக்கவில்லை.

நாலாவது நிமிடத்தில் ஒரு கார் கரகரவென்று சத்தம் போட்டு நின்றது. எட்டாவது நிமிடத்தில் இன்னொன்று. இரண்டிலும் சிமென்ட் பொடி புகுந்துவிட்டது. நேத்ராவின் கார் நாலாவதாக ஓடிக்கொண்டிருந்தது. முந்தவும் இல்லை, விடவும் இல்லை. பத்து நிமிடம் முடிந்து ஹாரன் அடித்தபோது நான் பார்வதம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் காரை நிறுத்தினார்கள்.

“நிறுத்தாதீர்கள்” என்றார் பிரதாப் நேத்ராவிடம். காரிலிருந்து வரும் சூட்டை அவர் கையில் இருந்த டேப்லட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். நேத்ரா ஓட்டிக்கொண்டே இருந்தாள். “அறுபத்தெட்டில் நிற்கிறது. ஈரத்துணி, நல்ல யோசனை. பதினைந்து நிமிடம் ஓட வேண்டியிருந்தால் என்ன ஆகும்?”

நேத்ரா காரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது.

“பன்னண்டுல துணி காஞ்சிடும் சார். அப்புறம் ஏறும். காஞ்ச துணின்னா எழுவத்தெட்டுல போயி நிக்கும். வித்தியாசம் பத்து. ஒண்ணரை நிமிசத்துக்கு ஒருக்கா பாதியாவும். மூணு நிமிசத்துல ரெண்டு பாதி.” ஒரு வளைவைத் திருப்பினாள். “பதினைஞ்சாவது நிமிசத்துல எழுவத்தஞ்சரை. நிக்காது சார்.”

“பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா?”

“இல்ல சார். பேட்டரி பத்தல. கணக்கு.”

அவர் டேப்லட்டை ஒரு தடவை பார்த்தார். “பத்து நிமிடம் முடித்துவிட்டீர்கள். இப்போது நிறுத்திவிட்டு வேறு கேள்விக்கு வரலாம். இல்லையென்றால் இதையே ஓட்டிக் காட்டுங்கள். நின்றுபோனால் பதில் தப்பு.”

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. நிறுத்துடி, வேறு கேள்வி கேட்கட்டும், நாலு நோட்டு நிறையப் பதில் வைத்திருக்கிறாயே! அடுத்த ஜனவரிக்கு அவளுக்கு முப்பத்தைந்து ஆகிவிடும். இதைவிட்டால் காலத்துக்கும் டேப்தான்.

“ஓட்டறேன் சார்” என்றாள்.

காலி முற்றத்தில் அந்த ஒரு கார் சுற்றியது. பதினொன்று, அறுபத்தெட்டு. பன்னிரண்டு, அறுபத்தெட்டு. பன்னிரண்டரை, எழுபது. பிரதாப் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தார். தையல்காரிக்குக் கணக்கு வராதா என்ன? அரை நிமிடத்தில் இரண்டு டிகிரி என்றால் நிமிடத்துக்கு நாலு, மூன்று நிமிடத்துக்குப் பன்னிரண்டு. அறுபத்தெட்டும் பன்னிரண்டும் எண்பது. சரியாகப் பதினைந்தாவது நிமிடத்தில் நின்றுவிடும்.

“பதிமூன்றரை, எழுபத்து மூன்று” என்றார். பக்கத்தில் யாரோ “முடிந்தது” என்றார்கள். பார்வதம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது.

நேத்ராவின் விரல் தளரவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என் டீ ஞாபகம் வந்தது. பாதி, பாதி, பாதி. சூடு ஒரே சீராகப் போகாது. பதினாலு, எழுபத்து நாலு. ஏறுகிறது, ஆனால் முன்னைப் போல ஏறவில்லை. பதினாலரை, எழுபத்து நாலு புள்ளி எட்டு. நான் மூச்சுவிட ஆரம்பித்தேன்.

“பதினைந்து” என்றார் பிரதாப். டேப்லட்டை அவள் பக்கம் திருப்பினார். “எழுபத்தைந்து புள்ளி நாலு. நீங்கள் புள்ளி ஐந்து என்றீர்கள்.”

“அந்த சென்சாரு அரை டிகிரி முன்னப்பின்ன காட்டும் சார்” என்றாள் நேத்ரா. அப்போதுதான் காரை நிறுத்தினாள்.

பிரதாப் இந்தத் தடவை சிரித்தார். “திங்கட்கிழமை உள்ளே வந்துவிடுங்கள். கதவைத் தட்ட வேண்டாம்.”

நேத்ரா அப்படியே சிமென்ட் தரையில் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன், வெட்கமே இல்லாமல், அவ்வளவு பேர் நடுவில். பார்வதம்மா மட்டும் குனிந்து, காரிலிருந்து நான் தைத்த உறையைக் கழற்றினார். வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் பொடி அப்பிக் கிடந்தது. மெல்ல அதை உள்பக்கம் புரட்டினார். வெள்ளையாக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், விரலால் தடவி அந்த விரலைப் பார்த்தார்.

பிறகு முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார்.

“உள்ள போவல நேத்ரா” என்றார். “ஒரு துளிகூட உள்ள போவல.”

“ஆமாம்மா” என்றாள் நேத்ரா. “காத்து மட்டும்தான் போச்சி.”